ஜாக்கெட் கூலியை ஏற்றிய மாதம்

பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஜாக்கெட் தைப்பவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஆனால் தையல் கூலியை ஏற்ற மட்டும் மூன்று வருடமாகத் துணிச்சல் வரவில்லை. லைனிங் துணி, நூல், கரண்ட் பில் எல்லாமே ஏறிவிட்டன. இனியும் ஏற்றாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். ஏற்றினாலோ, எல்லாரும் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

அதனால் ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். கச்சா எண்ணெயை வெளிநாட்டில் வாங்குகிறோம், ரூபாய் இறங்கினால் அதே எண்ணெய்க்கு அதிகம் கொடுக்கிறோம், டீசல் ஏறுகிறது, சூரத்திலிருந்து லைனிங் கொண்டுவரும் லாரிக்கு வாடகை ஏறுகிறது, ஆகவே தாய்மார்களே... தையல் மெஷின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். மெஷின் மறுத்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தில், ஒன்றாம் தேதி முதல் முப்பது ரூபாய் கூடும் என்று எழுதி, இரண்டு வாரம் முன்னதாகவே வாசலில் அட்டை மாட்டிவிட்டேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். பீரோவில் ஜாக்கெட் பிட் இல்லாத வீடு இந்த ஊரில் கிடையாது. வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது, யாருக்காவது கொடுக்கலாம் என்று பத்து வருடமாக மடித்து வைத்தது, எல்லாம் மறுநாளே கிளம்பி வந்துவிட்டன.

"இன்னாம்மா, ஏத்தப் போறியாமே! அதுக்குள்ள இத்த தச்சுக் குடுத்துடு" என்று ஒருத்தி பதினோரு துணியை மேசையில் கொட்டினாள். இன்னொருத்தி கொண்டுவந்தது மகள் கல்யாணத்துக்காம். மகள் ஆறாவது படிக்கிறாள்.

"அளவு?"

"உத்தேசமா போடும்மா. அதுக்குள்ள நீ இன்னும் எவ்ளோ ஏத்துவியோ!"

ஒரே வாரத்தில் மூன்றாம் முறையாக லைனிங் வாங்கப் பெரிய காஞ்சிபுரம் கடைத்தெருவுக்கு ஓடினேன். கடைக்கார பாய் மீட்டருக்கு இரண்டு ரூபாய் கூடச் சொன்னார்.

"ஏன் பாய்?"

"யாரோ அள்ளிக்கினு போறாங்கம்மா. சரக்கு நிக்க மாட்டேங்குது."

அந்த யாரோ நான்தான்! விலை ஏறும் என்று எல்லாரும் நம்பினாலே விலை ஏறும் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள், அதை என் கையாலேயே செய்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒன்றாம் தேதி வந்தது. ஆள் வரவில்லை. ஊரில் தைக்கத் துணியே மிச்சமில்லை. எட்டு நாள் ஈ ஓட்டினேன்.

ஒன்பதாம் நாள் எங்கள் தெரு நெசவாளி ஒருவரின் மனைவி ஒரே ஒரு துணியோடு வந்தார். புதுக் கூலியைப் பேரம் பேசாமல் முன்பணமாகவே நீட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரசங்கத்தை ஆரம்பித்தேன். கச்சா எண்ணெய் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நீ அட்டையில எழுதி மாட்டிட்ட. எங்க ஊட்டுக்காரரு நெய்யற கூலிய எந்த அட்டையில எழுதி மாட்டறது? கூலிய மொதலாளிதான சொல்றாரு."

"உங்களுக்குப் பழைய கூலியே போதும்க்கா" என்றேன்.

"வேணாம், வாங்கிக்கோ" என்று என் கையைப் பிடித்துப் பணத்தை வைத்தார். "நம்ம தெருவுல ஒருத்தராவது கேட்டு வாங்கணும் இல்ல?"

வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.