வாய்க்கரிசி

வட்டக்கானலில் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்கிறேன். போன மாதம் அங்கே ஒரு பெண் வந்து தங்கினாள். ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்பியதையும், அவர்களை ஊர் வெறுத்ததையும் பழைய காலந்தொட்டு ஆராய்ச்சி செய்கிறாளாம். இந்தப் பக்கம் எப்படி என்று முதலாளியிடம் கேட்டாள்.

"அதெல்லாம் வெள்ளக்காரன் கொண்டாந்ததுங்க. நம்ம ஊர்ல அப்படி ஆளே கெடையாது. பெறகு யாரைப் போயி வெறுக்க?" என்று சிரித்தார்.

நான் தோசை வைத்துக்கொண்டிருந்தேன். வெளியாள் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள்தான். அன்றைக்கு என்னவோ வாய் திறந்துவிட்டது.

"அப்ப ராசாத்தி செத்தன்னைக்கு, வாய்க்கரிசி போடப் போன எங்கையை ஏன்யா தட்டிவிட்டீங்க?"

"சொந்தக்காரங்கதான போடணும்? நீ கூடக் குடியிருந்தவதான கெழவி! வெரசா சட்னியக் கொண்டா."

முப்பது வருசம் நானும் ராசாத்தியும் ஒரே வீட்டில், ஒரே பாயில் வாழ்ந்தோம். அவளுக்கு வாய்க்கரிசி போட்டவன், உயிரோடு இருந்தபோது ஒருநாளும் எட்டிப் பார்க்காத அண்ணன் மகன்.

அந்தப் பெண் அடுப்படிக்கு வந்து, "ராசாத்தி உங்களுக்கு யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கென்று இந்த ஊர் வைத்திருந்த சொற்கள் எல்லாமே வசவு. அதில் எதைச் சொல்லி அவளை என்னவள் என்பேன்?