செல்வியின் விமானம்

என் தங்கை செல்வி கட்டிய விமானத்தை ஏலக்காய் உலர்த்தும் அடுப்பில் போட்டு எரித்தவன் நான். நேற்றுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு கணினியில் விமானம் ஓட்டுவதுதான் என் பொழுதுபோக்கு. போன வாரம் மகன், "பழைய சிமுலேட்டரை விட்டுருங்கப்பா. புதுசுல நம்ம குரங்கணி மலை அப்படியே இருக்கு" என்று தன் மடிக்கணினியில் காட்டினான். அந்தச் சரிவைப் பார்த்ததுமே பச்சை ஏலக்காய் காயும் வாசனை மூக்கில் ஏறியது.

சிறுவயதில் அங்கே எங்கள் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால், உடைந்த பெட்டிகளை ஆணியடித்து செல்வி விமானம் கட்டியிருந்தாள். அவள் ஓட்டுவாள், நான் பயணி. "அண்ணே, கெட்டியாப் பிடிச்சுக்க, கீழ போடி டவுன் வந்துருச்சு" என்பாள்.

ஒருநாள் மாமா எனக்கு மதுரையிலிருந்து சாவி கொடுத்தால் ஓடும் தகர விமானம் வாங்கி வந்தார். பார்க்க வந்த பையன்கள், "பொட்டப்பிள்ள ஓட்டுற ப்ளேன்லயாடா இம்புட்டு நாளாப் போன?" என்று சிரித்தார்கள். அன்றே அவளுடையதை உடைத்து அடுப்பில் தள்ளினேன். தேடி அழுதவளிடம், காட்டுப்பன்றி இடித்திருக்கும் என்றேன்.

நேற்று அவளை வீட்டுக்கு வரவழைத்து உண்மையைச் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல ஓட்டுற விமானம் புதுசு வாங்குறேன், நீயே ஓட்டு ஆத்தா" என்றேன்.

"அடுப்புச் சாம்பல்ல ஆணி கெடந்துச்சு. அன்னைக்கே தெரியும்ணே" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "புதுசு வந்துட்டா பழசை என்ன செய்வ?"

அதோடு பஸ்சுக்குக் கிளம்பிவிட்டாள். புதியது வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.