தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முட்டை

குவைத்திலிருந்து அண்ணன் முதல் லீவில் அரியலூர் வந்தபோது பெட்டியில் எல்லாருக்கும் ஏதாவது இருந்தது. எனக்கு சென்ட், அண்ணிக்குப் புடவை. தனக்கென்று அவன் வாங்கி வந்தது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வீடியோ கேம். எங்கள் தெருவில் டிவியே இரண்டு வீட்டில்தான் இருந்தது. அதனால் சாயங்காலமானால் அவனுடைய கூட்டாளிகள் கூடத்தை அடைத்துக்கொள்வார்கள்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. பெரம்பலூரில் ஒரு ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். அண்ணன் வருகிறான் என்று பத்து நாள் லீவு போட்டிருந்தேன்.

ஆட்டம் என்னவென்று அண்ணிதான் சொன்னாள். “நாலு மூலையிலயும் கோழி உக்காந்திருக்கு. முட்டை சரிவுல உருண்டு வரும். நடுவுல ஒருத்தன் கூடையோட நிக்கிறான். முட்டை எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கத்துப் பட்டனை அமுக்கணும். மூணு முட்டை உடைஞ்சா அவ்வளவுதான்.”

“அண்ணே, எனக்கும் ஒருக்கா குடு” என்றேன்.

“இது கண்ணால பாத்து ஆடுறதும்மா. தொட்டுப் பாத்துட்டுக் குடுத்துரு.”

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் சுருக்கென்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

அன்று சாயங்காலம் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டிக், டிக் என்று வந்தது ஒரே சத்தமில்லை. நாலு சத்தம். ஒன்று மெலிசு, ஒன்று கனம், மற்ற இரண்டும் இடையில். அவ்வளவு பேர் கூடியிருந்தும் யாருக்கும் அது காதில் விழவில்லை. அவர்களுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லையே.

மறுநாள் அண்ணன் கடைத்தெருவுக்குப் போனதும் அண்ணியைக் கூப்பிட்டேன். “ரேடியோவை நிறுத்துங்க அண்ணி. இந்த சத்தம் எந்தக் கோழியோடதுன்னு பாத்து சொல்லுங்க.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “மேல எடது... இது கீழ வலது... அடியே, ஆமாண்டி! ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம்!”

முதல் ஆட்டத்தில் நாலு முட்டை பிடித்தேன். மத்தியானத்துக்குள் நாற்பது. ஒரு முட்டை வந்தால் சுலபம். மூன்று சரிவில் ஒரே நேரத்தில் உருண்டால் மூன்று கணக்கை மனசில் ஓட்ட வேண்டும். எதற்கு இன்னும் எத்தனை டிக் பாக்கி, எது முதலில் விழும் என்று. ஆபீஸில் காலை பத்து மணிக்கு எல்லா லைனும் ஒன்றாகக் கூப்பிடும்போது நான் செய்கிற வேலைதான் இது. நாலாம் நாள் முந்நூறைத் தாண்டினேன். அண்ணனிடம் அண்ணி இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் அறுநூற்று நாற்பது எடுத்து எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தபோதுதான் திறந்தாள். “இப்ப இவ ஆடுவா.”

கூட்டாளி ஒருவன் சிரித்தான். “வேணாம், பாவம்” என்றான் அண்ணன்.

நான் கையை நீட்டினேன். “குடுண்ணே. எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க, போதும்.”

அண்ணி எண்ணிக்கையைப் படித்தாள். நூறு. இருநூறு. இருநூற்றுப் பத்தில் ஒன்று உடைந்தது. யாரோ ‘ச்சு’ என்றார்கள். நானூறு தாண்டியதும் கூடத்தில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். அறுநூற்று நாற்பத்தொன்று என்று அண்ணி சொன்னபோது அவள் குரல் கீச்சிட்டது. தொள்ளாயிரத்தைத் தொடப்போகிற நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி வந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றின வண்டி. தரையே அதிர, டிக் சத்தம் அதில் முங்கிப்போனது. ஒரு முட்டை போயிற்று. இன்னொன்று போனால் ஆட்டம் காலி.

கேமைத் தூக்கிக் காதோடு ஒட்டிவைத்துத் தாடையில் அழுத்திக்கொண்டேன். எலும்பு வழியாக வந்தது சத்தம், எறும்பு கடிக்கிற மாதிரி. அப்படியே ஆடினேன். திரை என் கன்னத்தோடு இருந்ததால் எண்ணிக்கை யாருக்கும் தெரியவில்லை. “எவ்வளவு? எவ்வளவு?” என்று கத்தினார்கள். வண்டி போய் முடிந்ததும் கீழே இறக்கினேன்.

“தொள்ளாயிரத்து எழுபது!” என்று அலறினான் அண்ணன். இப்போது அவனே எண்ணினான், கூடவே மற்றவர்களும், கோயில் ஏலத்தில் கத்துகிற மாதிரி. தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்போது. அடுத்த முட்டையைப் பிடித்தேன். சட்டென்று அமைதி.

“என்னாச்சு? உடைஞ்சிருச்சா?”

“இல்லம்மா” என்றான் அண்ணன். “சைபருக்குப் போயிருச்சு. அதுக்கு மேல இதுல நம்பரே இல்ல.”

ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விரல்கள் தாமாக அமுக்கிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, நிறுத்த முடியாத சிரிப்பு. அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சிரித்த கூட்டாளி பக்கத்தில் வந்து குந்தி, “எப்படிங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க” என்றான். அண்ணனோ வாசலுக்குப் போய், தெருவில் போகிற யாரையோ நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தான்: “எந்தங்கச்சிங்க. மெஷினையே தோக்கடிச்சுட்டா.”