ரொட்டிக்கடை வரிசை

மொராக்கோவில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் ரொட்டிக்கடை முன்னால் நின்றேன். சுட்ட மாவின் வாசனை வந்ததுமே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது.

எண்பதுகளில் துபாயின் தேராவில் எங்கள் வீட்டுக்குக் கீழேயிருந்த ஆப்கானியர் கடையிலும் இதே வாசனைதான். வேலை முடிந்து வரும் அப்பாவோடு வியர்க்க வியர்க்க வரிசையில் நிற்பேன். எங்கள் முறை வரும்போது பெரிய கார் ஒன்று வந்து ஹாரன் அடிக்கும். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியெல்லாம் அந்தக் கார் ஜன்னலுக்குப் போய்விடும்.

"நாமதானப்பா முதல்ல வந்தோம்?"

"விடு தாயி, நமக்கென்ன அவசரம்" என்று அப்பா சிரித்துக்கொண்டே நகர்ந்துகொள்வார்.

கார்க்காரர்கள் மேலிருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. அந்தச் சிரிப்பின் மேலிருந்த கோபம் போகவில்லை.

இங்கே என் வழிகாட்டி, "விருந்தாளிக்குத்தான் முதலில்" என்று என்னை வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே கூடையோடு காத்திருந்த சிறுமி தன் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. இன்னும் நன்றாகச் சிரித்தார்.