ஆறாவது பிளக்

சித்தப்பாவின் வாடகைக் கார் எஞ்சினில் ஆறு ஸ்பார்க் பிளக்குகள் இருந்தன. ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். ஆறாவதின் பேச்சை எடுத்தாலே அவர் முகம் சுண்டிப்போகும்.

அது வெள்ளைக்காரன் காலத்து வண்டி. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்புக் குழாய் ஒருமுறை வெடித்துவிட்டது. அதுபோல இன்னொன்று எங்கும் கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்பு பைப்புகளை வளைத்துப் பற்றவைத்து மாட்டிக்கொண்டு வந்தார். வண்டி முன்பைவிட நன்றாகவே ஓடியது. உறுமல்கூடக் கொஞ்சம் கம்பீரமாகிவிட்டது. ஆனால் வளைத்த பைப்புகள் எஞ்சினின் கடைசியில் இருந்த அந்த ஆறாவது பிளக்கைச் சுற்றி வளைத்துக்கொண்டன. பெரிய ஆளின் கை உள்ளே போகாது. ஸ்பேனர் போனாலும் திரும்பாது. அதைச் சரியாக இறுக்க வேண்டுமென்றால் பைப்பு மொத்தத்தையும் கழற்ற வேண்டும். ஒரு பகல் போய்விடும். அதனால் சித்தப்பா அதை இறுக்கியும் இறுக்காமலும் விட்டுவைத்திருந்தார். அப்பா அதைச் சாமி ஓட்டுகிற வண்டி என்பார்.

அப்பாவுக்குப் பீங்கான் சூளையில் வேலை. விருத்தாசலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாண்டி ஆடுவதே உடைந்த பீங்கான் சில்லை வைத்துத்தான். பிளக்கின் வெள்ளைப் பகுதியும் பீங்கான்தான் என்று தெரிந்த அன்று, அதை அப்பாவே செய்து கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். அண்ணன் தம்பி இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். எனக்கு ரோஷமாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். மாசி மகத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில், பெண்ணாடத்துக்கு அப்பால் இருக்கும் மங்களூர் கிராமத்துக்குப் போய் அத்தையைத் திருவிழாவுக்கு அழைத்துவர வேண்டும், நீயும் வா என்று சித்தப்பா கூப்பிட்டார். அத்தை அவருக்கு அக்கா. கல்யாணமாகி மூன்று வருஷமாக மங்களூரில் இருந்தாள். எத்தனையோ தடவை கெஞ்சியும் அந்தக் காரில் என்னை ஏற்றாதவர், தானாகவே கூப்பிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, தலை பின்னும்போது காதோடு சொன்னாள். "போன உடனே அத்தை கையப் புடிச்சுக்க. வண்டியில ஏறுற வரைக்கும் வுடாத." நான் எங்காவது தொலைந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

மங்களூரில் மாமா வீட்டில் இல்லை. அத்தையின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வயல்வெளிக் கொல்லையில் பம்பு மோட்டார் ரிப்பேர், அங்கே போயிருக்கிறான் என்று அத்தையின் மாமியார் சொன்னார். அவன் வரட்டும், கேட்டுவிட்டு அனுப்புகிறேன் என்றும் சொன்னார். சித்தப்பா என்னைப் பார்த்தார். அம்மா சொன்னபடி நான் அத்தையின் கையைப் பிடித்தேன். அவள் சட்டென்று அந்தக் கையை இழுத்துக்கொண்டு மறுகையைக் கொடுத்தாள். இழுத்துக்கொண்ட வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தது. கதவிடுக்கில் நசுங்கிவிட்டதாம். அத்தை வராமல் போகமாட்டேன் என்று நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன். பெண் பிள்ளை அழுவதைப் பார்த்து அந்த அம்மாள் சலித்துக்கொண்டு, தேர் பார்த்துவிட்டு மறுநாளே வந்துவிட வேண்டும் என்று விட்டுக்கொடுத்தார். அத்தை மாற்றுப் புடவைகூட எடுக்காமல் கட்டிய புடவையோடு வந்து ஏறினாள்.

பெண்ணாடம் வரைக்கும் நான் மட்டும் தேரைப் பற்றியும் ராட்டினத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தேன். அத்தை பின் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவேப்பிலங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால், பானெட்டுக்குள் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். தொடர்ந்து சட், சட், சட் என்று யாரோ தகரத்தில் சம்மட்டியால் அடிப்பது போலக் கேட்டது. பெட்ரோல் வாடை அடித்தது. சித்தப்பா வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

ஆறாவது பிளக் மரையிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பீங்கான் இரண்டாக விண்டிருந்தது. பிளக் இல்லாத ஓட்டையிலிருந்து பெட்ரோல் புகை பழுத்த பைப்பின் மேல் பாய்ந்துகொண்டிருந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் தீப்பிடித்திருக்கும் என்று சித்தப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். அது என் காதில் விழுந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அந்த வண்டியே எனக்கு எரியப்போகும் வண்டியாகத்தான் தெரிந்தது.

டிக்கியில் மாற்று பிளக் ஒன்றே ஒன்று இருந்தது. சித்தப்பா ஒரு ரப்பர் டியூப் துண்டை அதன் தலையில் செருகி, டியூப்பைப் பிடித்துக்கொண்டு பைப்புகளுக்கு நடுவே இறக்கிப் பார்த்தார். வளைவில் டியூப் மடங்கி, பிளக் கழன்று கீழே விழுந்தது. ரோட்டில் படுத்து அதைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து, கையாலேயே விட்டுப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. புறங்கை சுட்டுச் சிவந்துவிட்டது.

அத்தை இறங்கி வந்தாள். என் கை சின்னதுதானே, கொடு என்றாள். அவள் கை உள்ளே போனது. ஆனால் துணி சுற்றிய விரல்கள் மடங்கவில்லை. பிளக்கைப் பிடிக்கவே முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தாள். சித்தப்பாவும் பார்த்தார்.

நான் பின்னுக்கு நகர்ந்தேன். ஆறட்டும் சித்தப்பா, ஆறின பிறகு போடலாமே என்று கேட்டேன். பெரியவர்களிடம் அவ்வளவு நியாயமாக நான் எதையும் கேட்டதில்லை. சித்தப்பா வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாய்க்காலில் சாக்கை நனைத்துக்கொண்டு வந்து பைப்பின் மேல் போட்டார். குபீரென்று ஆவி எழுந்தது. மட்கார்டின் மேல் என்னைத் தூக்கி உட்கார வைத்தார்.

"பயப்படாத. கரண்டு இல்ல. ஒயர எடுத்துட்டேன், பாரு," என்றார். "ஓட்டையில வச்சுட்டு மொதல்ல பின்னால திருப்பு. டக்குன்னு ஒரு எடத்துல உக்காரும். அப்புறமா முன்னால திருப்பு. கோணலா ஏத்திட்டா மரை போயிடும், அதோட வண்டி அவ்ளோதான்."

நான் கையை விட்டேன். ஈரச் சாக்கின் வழியாகவும் அனல் அடித்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரல் நுனியால் ஓட்டையைத் தேட வேண்டியிருந்தது. கொஞ்சம் அசைந்தாலும் முழங்கை பைப்பில் பட்டுவிடும். பிளக் கையிலிருந்து நழுவினால் எல்லாரும் என்னால் இங்கேயே நிற்க வேண்டும். எஞ்சின் தானாகவே உயிர் பெற்று என் கையைக் கடித்து இழுத்துக்கொள்ளும் என்றும் தோன்றியது. ஓட்டை அகப்பட்டது. வைத்தேன். பின்னால் திருப்பினேன். உட்காரவில்லை. வியர்வையில் விரல்கள் வழுக்கின.

அப்போது பின்னால் வெகுதூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அத்தை ஏதோ சொன்னாள், சித்தப்பா ஏதோ சொன்னார். என் தலை பானெட்டுக்குள் இருந்ததால் எதையும் பார்க்கவில்லை. சத்தம் நெருங்கி வந்து காருக்குப் பக்கத்தில் நின்றது.

அவள் எங்கே என்று மாமாவின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வண்டி நின்னு போச்சு மாமா," என்றார் சித்தப்பா. "அக்காவ ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுல ஏத்தி வுட்டேன். பெருமாளுக்கு ஏதோ வேண்டுதலாம். முடிச்சிட்டு அங்கருந்து வூட்டுக்கு வந்துடும்."

பஸ் வந்ததே எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்திருந்தபோது வந்திருக்கும் என்று நினைத்தேன். என்னிடம் சொல்லாமலே அத்தை போய்விட்டாளே என்று அழுகை முட்டியது. மாமாவின் செருப்புச் சத்தம் காரைச் சுற்றி வந்தது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. டிக்கி திறந்து மூடும் சத்தமும் கேட்டது. பிறகு என் பக்கம் வந்து குனிந்தார்.

"அத்தை எங்கம்மா?"

சரியாக அந்த நேரத்தில் பிளக் டக்கென்று உட்கார்ந்தது. நான் திடுக்கிட்டதில் முழங்கைக்குக் கீழே பைப்பில் பட்டுவிட்டது. தெரியாது மாமா, கை சுடுது மாமா என்று அலறினேன். கையை எடு, எடு என்று அவர் பதறினார். எடுத்தால் பிளக் விழுந்துவிடும் என்று நான் எடுக்கவில்லை. அழுதுகொண்டே முன்னால் திருப்பினேன். மரை ஏறியது. இன்னொரு திருப்பு. ஏறியது. கைக்கு இறுகிய பிறகுதான் வெளியே எடுத்தேன்.

கையில் விரல் அகலத்துக்குத் தோல் வழன்றிருந்தது. மாமா என்னைத் தூக்கிக் கீழே இறக்கினார். வாய்க்காலில் தன் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து, புண்ணின் மேல் ஊதி ஊதிச் சுற்றிக் கட்டினார். பச்சைப் பிள்ளையை இப்படியா செய்வது என்று சித்தப்பாவைத் திட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் கால்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். நான் சுட்டுக்கொண்டதற்கு அம்மாவிடம் வாங்கப்போகும் திட்டை நினைத்து நடுங்குகிறார் என்று நினைத்தேன்.

மாமா மோட்டார் சைக்கிளை உதைத்து, ஸ்ரீமுஷ்ணம் ரோடு பிரியும் பக்கமாகப் போனார். சத்தம் முழுக்கத் தேய்கிற வரைக்கும் சித்தப்பா அசையவில்லை. பிறகு கார் அடியில் படுத்தார். மேலே நான் குழாய் ஸ்பேனரை பிளக்கின் மேல் பிடித்துக்கொள்ள, கீழேயிருந்து அவர் ஒரு கம்பியைக் கோத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறுக்கினார். மேலிருந்து பிடிக்கச் சின்னக் கை ஒன்று இருந்ததால், இந்தத் தடவை பைப்பைக் கழற்றாமலே நன்றாக இறுக்கினார்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் ரோட்டோரக் கரும்புக் கொல்லையிலிருந்து அத்தை வெளியே வந்தாள். முகத்திலும் கழுத்திலும் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். பஸ்ஸில் போனவள் கரும்புக்குள்ளிருந்து எப்படி வந்தாள் என்று கேட்டேன். என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். என்னை ஒருவரும் பாராட்டாததால், நானே ஆரம்பித்தேன். பிளக்கை நான்தான் மாட்டினேன் என்றேன். மாமா வந்தார், எவ்வளவு நல்லவர் தெரியுமா, புண்ணுக்கு ஊதிவிட்டார் என்றேன்.

அத்தை அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊதுவாரு," என்றாள். "எனக்குந்தான் ஊதுவாரு."

சித்தப்பா ஒரு கணம் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். வண்டியின் வேகம் கூடியது. எனக்கோ அதைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. மாமாவுக்கு அத்தை மேல் அவ்வளவு பிரியம் என்றால் பயப்பட என்ன இருக்கிறது என்று, அவள் மடியிலேயே தூங்கிப்போனேன்.

அத்தை மங்களூருக்குத் திரும்பவில்லை. மாமா இரண்டு தடவை வந்ததாகவும், அப்பா சூளை ஆட்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு வாசலிலேயே பேசித் திருப்பி அனுப்பியதாகவும் பின்னால் தெரிந்துகொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் அது. விரல்கள் முழுக்க நிமிரவே இல்லை என்றாலும், அத்தை பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் வேலைக்குப் போனாள். பல வருஷம் போனாள்.

அதெல்லாம் பிற்பாடு. அந்த மாசியிலும் பங்குனியிலும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் போய் நின்றுகொள்வேன். மாமா அத்தையை அழைத்துப்போக வருவார், என் கை ஆறிவிட்டதா என்று கேட்பார், காட்ட வேண்டும் என்று மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். உள்ளே அத்தையும் கைவேலையை நிறுத்திவிட்டு, கதவோரமாக நின்று அதே சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். நானும் அவளும் ஒன்றுபோல மாமாவுக்காகக் காத்திருக்கிறோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.