நிதானம் பாஸ்தா சமைத்த புதன்கிழமை

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு நிதானம் என்று பேர். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு அவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஆனால் அவர் கைபட்ட லிஃப்ட் ஆறு மாதத்துக்கு முனகாது. “நிதானம் செத்தாக்கூட நாடியை ரெண்டு தடவை பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் சாவாரு” என்று டீ குடிக்கிற இடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

பள்ளிக்கூடத்தில் படித்துக் கற்ற தொழில் இல்லை. இரும்புக் கயிறு சுமக்க வந்தவர், பழைய மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துப் பூட்டித் தானே பழகினார். பதறாத காரியம் சிதறாது என்பதுதான் அவர் படித்த படிப்பு. அதற்கும் ஒரு விலை கொடுத்திருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். மேலே மோட்டார் அறையில் நின்றவனிடம் யாரோ போனில், “உள்ள ஆள் இல்ல, போடு” என்று சொல்லிவிட்டார்கள். அவன் மெயினைப் போட்டான். இரண்டு நொடிதான். இடது கையில் மோதிர விரல் பாதியோடு நின்றுபோனது.

அதற்குப் பிறகு கம்பெனியில் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு வந்தது. வேலைக்கு இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டியவன் கைதான் திறக்க வேண்டும். மாற்றுச் சாவிகளை ஆபீஸ் பெட்டியில் வைக்கலாம் என்று மேனேஜர் சொன்னபோது நிதானம் ஒத்துக்கொள்ளவில்லை. “மாத்துச் சாவி இருந்தா அது பூட்டு இல்ல சார், அலங்காரம்” என்றார். மூன்று மாதம் மல்லுக்கு நின்று, பூட்டை வெட்டுகிறவனுக்கு வேலை போகும் என்று எழுத்தில் வாங்கினார். அவர் வாழ்க்கையில் சண்டை போட்டு ஜெயித்தது அது ஒன்றுதான்.

வீட்டில் அப்படி எதற்கும் சண்டை போட்டதில்லை; அங்கே அவர் இருந்ததே குறைவு. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் போன் வரும். போன் வந்தால் எழுந்துவிடுவார். பதினாலு வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு, பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்கார்கிற அவர் மனைவி குடும்ப நீதிமன்றத்தில் சத்தம் போடாமல் சொன்னாள்: “இவர் கெட்டவர் இல்லைங்க. ஆனா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால இவர் முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.” நிதானம் தலையை ஆட்டினார். அது உண்மை. உண்மையை மறுத்துப் பேச அவருக்குத் தெரியாது.

பிரிந்த பிறகு, சலவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஓர் அறை எடுத்தார். ஒரு கட்டில், ஒரு மின் அடுப்பு, ஒரு அகலமான வாணலி. கீழேயிருந்து சதா இஸ்திரி ஆவி வாசனை ஏறிவரும். பதின்மூன்று வயது மகள் புதன்கிழமை தோறும் ஐந்து மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போவாள். முதல் நாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தவள், “லிஃப்ட் மெக்கானிக் வீட்டுல லிஃப்ட் இல்ல. வெளிய சொல்லிடாத” என்றாள். அதிலிருந்து பத்துப் புதன்கிழமைகள், கடையில் வாங்கிய எதையாவது தின்று கழிந்தன. அதில் நான்கு நாள் பாதியில் போன் வந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை, நீதிமன்றம் அமர்த்திய பெண் ஆலோசகர் ஒருவர் மகளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கப் போகிறார்: சனி ஞாயிறு இரண்டு இரவும் அப்பாவோடு தங்க விருப்பமா? அவள் சொல்வதுதான் முடிவு. நிதானத்துக்கு வேறு ஆசை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. காலையில் எழுந்தால் அந்த அறையில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் போகும்போது படியில் நின்று அவள் சொன்னாள்: “அடுத்த வாரம் ஒரு தடவையாவது நீ சமைச்சு, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாமா? நடுவுல எந்திரிக்காம?” இரவே ஒரு வீடியோவும் அனுப்பினாள். சாசேஜ் போட்ட க்ரீம் பாஸ்தா, எல்லாம் ஒரே பாத்திரத்தில். ‘இது ஈஸி. உனக்குக்கூட வரும்’ என்று கீழே எழுதியிருந்தாள்.

அவர் அந்த வீடியோவைப் பதினெட்டு முறை பார்த்தார். பராமரிப்புப் படிவத்தின் பின்பக்கம் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தார். அடுப்பின் அனலைக் குறைக்காமலே க்ரீமை ஊற்றினார். திரிந்து மணல் மணலாகப் போனது. திங்கட்கிழமை க்ரீம் சரியாக வந்தது; பாஸ்தா நடுவில் விறைத்துக்கொண்டு நின்றது. இரண்டையும் தானே தின்று தீர்த்தார். தப்பு எங்கே என்று தெரிந்த பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது.

புதன்கிழமை மாலை அழைப்புகளைத் தன் கூட்டாளி ஒருவரிடம் மாற்றிவிட்டார். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் கண்ணாடி என்று பேர் அவருக்கு. அன்று மதியம் நிதானத்துக்கு ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. கதவின் உருளையை மாற்றி முடித்தபோது மணி நான்கை நெருங்கிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். அரக்கப் பரக்கச் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மகள் வந்தபோது சாசேஜ் வட்டம் வட்டமாக நறுக்கித் தயாராக இருந்தது. அவள் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“அளவுகோல் வெச்சு நறுக்கினியா?”

“இல்ல.”

“பொய் சொல்லாத.”

“முதல் ரெண்டு துண்டுக்கு மட்டும்” என்றார்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணப் போய், வேண்டாம் என்று விட்டுவிட்டார். எண்ணெயில் சாசேஜ் சிவந்து ஓரம் மடங்கியது. வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்கினார். வாணலியின் அடியில் ஒட்டிய பழுப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கரைத்தார். ருசி அதில்தான் இருக்கிறது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பிறகு வேகாத பாஸ்தாவை அப்படியே கொட்டி, அது முங்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

“வடிக்க வேண்டாமா?” என்றாள் மகள்.

“வேண்டாம். அதுலேர்ந்து இறங்கற மாவுச்சத்துதான் க்ரீமைப் பிடிச்சு நிக்க வைக்கும். பன்னெண்டு நிமிஷம். அப்புறம் அனலைக் குறைச்சுட்டு க்ரீம், சீஸ், மிளகு. உடனே சாப்பிடணும். விட்டா ஊறிப் போயிடும்.”

“பெரிய சமையல்காரர்தான்.”

அப்போது போன் அடித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். திரையில் கூட்டாளியின் பேர்: கண்ணாடி.

“எடுக்காத” என்றாள்.

இரண்டாம் முறை அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“வீட்டுல.”

“அப்பாடா. ஏழு மாடிக் கட்டடத்துல மெயின்ல உங்க பூட்டு தொங்குது. நீங்கதான் உள்ள இருக்கீங்களோன்னு லிஃப்ட் குழியில எல்லாம் டார்ச் அடிச்சுக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன்.”

நிதானத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளாக அவர் பூட்டை மறந்து கிளம்பியதில்லை.

“வேலை நடக்குதுன்னு நினைச்சு எல்லாரும் படியிலயே ஏறிப் போயிட்டிருந்திருக்காங்க” என்றார் கண்ணாடி. “ஆனா ஆறாவது மாடி அம்மா டயாலிசிஸ் முடிச்சு வந்து ஒரு மணி நேரமா கீழ வீல்சேர்ல உக்காந்திருக்காங்க. தலை நிக்கலை அவங்களுக்கு. தூக்கிட்டுப் போகவும் ஆள் இல்ல. அண்ணே, கட்டர் வண்டியிலயே இருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க, வெட்டிடறேன். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

வாணலி கொதிக்கத் தொடங்கியிருந்தது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெட்டச் சொல்லுப்பா” என்றாள், மெதுவாக.

குழிக்குள் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு அந்தப் பூட்டை வெட்டினால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஆனால் அன்றைக்கும் போனில் ஒருத்தன் ஒரு வார்த்தைதான் சொன்னான். இன்றைக்கு நிதானமே போனில் சொல்லி வெட்ட வைத்தார் என்றால், நாளைக்கு எவனும் போனில் கேட்டுக்கொண்டு வெட்டுவான்.

“வெட்டாத” என்றார். “வர்றேன்.”

போனை வைத்துவிட்டு மகளிடம், “நீயும் வா கண்ணு. வண்டியில போயிட்டு உடனே வந்துடலாம்” என்றார்.

“அடுப்புல இருக்கே.”

“அணைச்சுடலாம்.”

“அணைச்சா ஊறிப் போயிடும்னு நீதானே சொன்ன.” அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். “பேப்பர்ல எழுதி வெச்சிருக்கேல்ல, நான் பார்த்துக்கறேன். நீ போ. பழக்கம்தானே.”

கட்டடத்துக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆனது. மாடிப் படி அத்தனையும் ஏறி, பூட்டைத் திறந்து, மெயினைப் போட்டார். ஆளில்லாமல் மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் முறை முடிந்ததும் கண்ணாடி, “போதும்ணே, பாப்பா காத்துட்டிருக்கும்” என்றார். நிதானம் மூன்றாம் முறையும் ஓட்டிப் பார்த்தார். வீல்சேரில் இருந்த அம்மாள் சாம்பல் பூத்த முகத்தோடு அவரைப் பார்த்து, “சாப்பாட்டு நேரத்துல உங்களை அலைக்கழிச்சுட்டேன், தம்பி” என்றாள். தப்பு தன்னுடையது என்று அவளிடம் சொன்னார். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மணி ஏழரை. மகள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். வாணலி மூடியிருந்தது.

“இருபது நிமிஷம் காத்திருந்தேன்” என்றாள். “அதுக்கப்புறம் பசிச்சுது.”

“நல்ல வேளை சாப்பிட்ட.”

அவள் பரிமாறினாள். பாஸ்தா க்ரீமை எல்லாம் குடித்து ஊதி, ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு கட்டியாக விழுந்தது. சாசேஜ் மட்டும் சிவந்து நன்றாக இருந்தது. உப்பு ஒரு சிட்டிகை குறைவு. அவள் எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த அம்மா மேல போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க.”

“நீ தப்புப் பண்ணியிருந்தா உன்கூடச் சண்டை போடலாம்ப்பா. எப்பவும் யாராவது மாட்டிட்டுத்தான் இருக்காங்க. நான் என்னன்னு சண்டை போடறது?”

“தப்புப் பண்ணேன். பூட்டைத் திறக்காம வந்துட்டேன்.”

“நீயா? எப்படி?”

உன்னைப் பார்க்க அவசரத்தில் என்ற சொல் நாக்கு வரை வந்தது. சொன்னால் அது அவள் தலையில் போய் உட்காரும். “மறந்துட்டேன்” என்றார்.

அவள் மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள்:

“வெள்ளிக்கிழமை அந்த ஆன்ட்டி கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

இதுதான் சமயம் என்று அவருக்குத் தெரிந்தது. வா என்று சொல்லலாம். இனிமேல் எழுந்து போக மாட்டேன் என்று சொல்லலாம். தன் மகளின் இளகிய மனசு அவருக்குத் தெரியும். கேட்டால் சரி என்பாள். ஆனால் சனி இரவு போன் அடித்தால் தான் என்ன செய்வோம் என்பதும் அவருக்குத் தெரியும்.

“நீ பார்த்ததைச் சொல்லு” என்றார்.

“நீ எதுவும் கேட்க மாட்டியா?”

“வந்தா எனக்குச் சந்தோஷம். ஆனா அதுக்காகச் சொல்லாத.”

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். கீழே அவள் அம்மாவின் ஸ்கூட்டர் ஒருமுறை ஒலித்தது. நிதானம் படி இறங்கிப் போய் ஏற்றிவிட்டு வந்து, கட்டிதட்டிப்போன மீதியை நின்றுகொண்டே தின்று முடித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை மகளின் அம்மா போன் செய்தாள்.

“புதன்கிழமை மட்டும் போதும்னு சொல்லிட்டா. ராத்திரி தங்க வேண்டாமாம்.”

“சரி.”

“நான் எதுவும் சொல்லிக் குடுக்கலைங்க.”

“தெரியும்.”

“வெளிய வந்து ரொம்ப அழுதா. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா.”

அவர் காதில் போனோடு வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தார்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள்.

“இனிமேத்தான்” என்றார் நிதானம்.