கிளட்ச் மேல் யார் கால்?

எங்கள் கார் முதல் தடவை மக்கர் செய்தபோது ஓட்டிக்கொண்டிருந்தது என் கணவர். பழி விழுந்தது என் மேல். போடி தாண்டி மேட்டில் ஏறும்போது அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் ஊரையே கூட்டியது; வண்டி மட்டும் நகர மாட்டேன் என்றது. கருகிய நாற்றம் வேறு. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கிளட்ச்சைத் தேச்சுத் தின்னுட்டியேடி," என்றார்.

நான் கார் ஓட்டக் கற்று அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி. தேனியில் ஒரு பெண் கார் ஓட்டிப் போனால் கடைவீதியில் பாதிப் பேர் தராசைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கற்றுக் கொடுத்தவரும் இவரேதான். எங்களுக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம். வாரத்தில் நாலைந்து நாள் அவர் தேவாரம், சின்னமனூர் என்று ஆர்டர் பிடிக்கப் போய்விடுவார். செவ்வாய்க்கிழமை கார் சும்மா நிற்கும். அன்றைக்கு நான் சாவியை எடுத்துக்கொண்டு ஜெயமங்கலம் போய் என் அம்மாவைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவேன். யாரிடமும் கேட்க வேண்டாம், பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்க வேண்டாம். அந்த அரை நாளுக்காக மீதி வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிவிடுவேன்.

அந்தச் சாவி அன்றைக்கே அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

பெரியகுளம் ரோட்டில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்தார். ரிவெட்டுத் தலைகள் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. பிளேட் போய் அழுத்தி உட்கார்கிற கனத்த இரும்புச் சக்கரம்தான் பிளைவீல். அதன் முகமெல்லாம் நீல நீலமாகச் சூடு பட்ட தழும்பு.

"யாரோ கிளட்ச்சு மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டியிருக்காக," என்றார் மெக்கானிக். "லேசாப் பட்டாலே போதும். பிளேட்டு பாதி புடிச்சும் புடிக்காமயும் சுத்தி, தேஞ்சுகிட்டே கெடக்கும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். மெக்கானிக்கும் என்னைப் பார்த்தார். வாசலில் பங்ச்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஆள்கூட வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

வீட்டில் என் நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போனார். "பொம்பளைக்கு எதுக்கு ஆத்தா இந்த வேல? அங்கன இங்கன போகணும்னா பஸ்ஸு இல்லையா?"

வாய்க்கு வாய் பேசுகிறவள்தான் நான். ஆனால் அன்றைக்கு வாயடைத்துப் போனேன். ஏனென்றால், நான் காலை வைத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நாம் நடக்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று யார் கவனிக்கிறார்கள்? அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தேங்காய் மூடியைப் பெடலாக வைத்து, இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தேன். ஒரு நேரம் வைத்திருக்க மாட்டேன் என்று தோன்றும்; மறு நேரம் வைத்திருப்பேனோ என்று இருக்கும். சாம்பார் அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

பிளைவீலை லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி, புதுப் பிளேட் போட்டார்கள். நான் நான்கு மாதம் காரைத் தொடவில்லை. அம்மாவைப் பார்க்க பஸ்ஸில் போனேன், அதுவும் மாதத்துக்கு ஒரு தடவை, கெஞ்சிக் கேட்டு. நான்காவது மாதக் கடைசியில் தேவாரம் ரோட்டில் கார் மறுபடி நின்றது. அதே உறுமல், அதே கருகல் நாற்றம்.

அப்பாடா, நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். எங்கே! "மொதல்ல இவ எரிச்ச சக்கரம்தானே உள்ள இருந்துச்சு? அதான் புதுப் பிளேட்டையும் சேத்துத் தின்னுருச்சு," என்று என் கணவர் ஒரு தீர்ப்பு எழுதினார். நாத்தனார் தலையாட்டினார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம் போலத்தான் இருந்தது எனக்கு. குழப்பத்தில் இருக்கிறவளுக்கு யார் எது சொன்னாலும் நியாயமாகத்தான் படும்.

மெக்கானிக்கும் குழம்பிப் போயிருந்தார். ஆயில் கசிந்து பிளேட்டில் விழுந்திருக்குமோ என்று பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பெடலில் கொடுக்க வேண்டிய இடைவெளி சரியாக இருந்தது. பிளைவீலில் மட்டும் மறுபடி நீலம், கூடவே முடி மாதிரி விரிசல்கள். இனி சீவ முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். மதுரையிலிருந்து வேறு பிளைவீல் வந்தது. அதை மாட்டி, புதுப் பிளேட்டை வைத்து முடுக்கி, கியர்பாக்ஸை ஏற்ற மூன்று நாள் ஆயிற்று.

வண்டியை எடுக்க நானும் கூடப் போயிருந்தேன். "இப்ப உன் பங்குன்னு இந்த வண்டியில எதுவும் இல்ல," என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போன சமயம் மெக்கானிக் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இன்னிக்கு நீங்களும் கூடப் போங்க. அவுக காலைப் பாருங்க. நான் சொன்னா மொதலாளி அடிக்க வருவாக."

எனக்கு ரெக்கை முளைத்துவிட்டது. மாட்டினாயா மகனே என்று மனசுக்குள் குதித்தேன். கணவனைப் பற்றி அப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். நான்கு மாதம் பஸ்ஸில் போனவளுக்குத்தான் அது தெரியும்.

சின்னமனூர் தாண்டி மார்க்கையன்கோட்டைக்குப் போனோம். இரண்டு பக்கமும் நெல் வயல், நேரான ரோடு, கியர் மாற்ற வேலையே இல்லை. நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் கிளட்ச் பெடலின் மேல் பதவிசாக உட்கார்ந்திருந்தது.

"காலை எடுங்க," என்றேன்.

"எந்தக் காலை?"

"கிளட்ச்சு மேல வச்சிருக்கீகளே, அந்தக் காலை."

"எடுத்துட்டுத்தேன் ஓட்டுறேன். கீழதானே இருக்கு."

"பெடல் மேல இருக்குங்க."

"என்னடி, வெளாடுறியா? என் காலு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

இந்த மனுஷர் கோபக்காரர், பிடிவாதக்காரர். ஆனால் பொய் சொல்கிற ஆள் இல்லை. கால் என் கண்ணெதிரே பெடலில் இருக்கிறது. இவர் கீழே இருக்கிறது என்கிறார். நன்றாகக் குனிந்து பார்த்தேன். அவருடைய இடது செருப்பு கழன்று தரையில் கிடந்தது. வெறுங்காலால்தான் மிதித்துக்கொண்டிருந்தார். பார்த்துச் சொல்லியும் எடுக்க மாட்டேன் என்கிறாரே, இத்தனை திமிரா என்று எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நகம் பதிய ஒரு கிள்ளு கிள்ளினேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, இந்த வருஷம் பருத்திக்கொட்டை வரத்துக் குறைச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் பலமாகக் கிள்ளினேன். சேலம் பக்கம் விசாரிக்க வேண்டும் என்றார்.

என் கை தானாகவே பின்னால் வந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அது காலில் உணர்ச்சியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று மறுநாள் டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த நிமிஷம் எனக்கு எதுவுமே தெரியாது. பயம் மட்டும் தெரிந்தது.

"நிறுத்துங்க," என்றேன்.

என் குரலில் என்ன இருந்ததோ, உடனே ஓரங்கட்டி நிறுத்தினார். நான் இறங்கி அந்தப் பக்கம் போனேன். அவர் நகர்ந்து உட்கார்ந்து, செருப்பைத் தேடிக் குனிந்தவர், காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு இடத்தில் நகம் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"இது என்ன?"

"நான்தான் கிள்ளுனேன்."

"எப்ப?" என்றார்.

தேனி வரைக்கும் நானே ஓட்டினேன். நான்கு மாதமாக நான் ஏங்கியது அதற்குத்தான்.